அண்ணா சொன்ன 17 ‘யெஸ்’

அந்த 9 நிமிட ஒலிப்பதிவை இதுவரை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் பேசும் இருவரில் ஒருவர் என் அண்ணா. மற்றவர் ஒரு பெண். எழுதி வைத்த தாளொன்றைப் பார்த்து, மூச்சு விடாமல் வாசிக்கிறார். ஒவ்வொரு பந்தி முடிவிலும் ஒரு கணம் நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் அண்ணா ‘யெஸ்’ என்கிறார். நடுவில் கடைக் கதவின் மணி அடிக்கிறது. யாரோ ஒருவர் உள்ளே வந்து முருங்கைக்காய் வந்துவிட்டதா என்று கேட்கிறார். அண்ணா தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு “நாளைக்குத்தான் வரும் அக்கா” என்கிறார். கையை எடுத்ததும் ‘யெஸ், யெஸ்’ என்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். எண்ணிப் பார்த்தேன்: மொத்தம் 17. அந்த 17 சொற்களால் வடமேற்கு லண்டனில் உள்ள ஒரு சிறிய மளிகைக் கடை, அலகு ஒன்றுக்கு 34.9 பென்ஸ் என்ற விலையில், 4 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்குவதற்குச் சட்டப்படி கட்டுப்பட்டது. கடையின் வழக்கமான பாவனையை வைத்துப் பெருக்கினால், நாளாந்த நிலைக் கட்டணமும் வரியும் சேராமலே 58,000 பவுணுக்கு மேல் வருகிறது.

முதலில் எனக்கு அண்ணாவின் மேல்தான் கோபம் வந்தது. 20 வருடத்துக்கு மேலாகக் கடை நடத்துகிறவர், மீன் பெட்டியைத் திறக்காமலே ஐஸின் எடையைச் சொல்லக்கூடியவர், ஒரு தொலைபேசி அழைப்பில் எப்படி விழுந்தார் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. ஆனால் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது கோபத்தைவிட ஒரு குழப்பம் பெரிதாக வளர்ந்தது. அந்தப் பெண் வாசித்தவற்றில் ஒரு பொய்கூட இல்லை. விலை சொல்லப்பட்டிருக்கிறது, காலம் சொல்லப்பட்டிருக்கிறது, இடையில் ஒரு தரகர் இருக்கிறார் என்பதும் அவருடைய தரகு அலகு விலைக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதும் சொல்லப்பட்டிருக்கின்றன. பொய்யே இல்லாத ஓர் உரையாடலில் எங்கே மோசடி நடந்தது? நெடுநாள் என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்.

கடையும் பயமும்

அண்ணாவின் கடை வருடத்துக்கு ஏறத்தாழ 42,000 அலகு மின்சாரம் குடிக்கும். சராசரி வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2,700 அலகு என்று ஓஃப்ஜெம் என்ற பிரித்தானிய எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு 2023இல் கணக்கு வைத்தது. அப்படிப் பார்த்தால் எங்கள் கடை 15 வீட்டுக்குச் சமம். விளக்குகளை அணைத்துக் கதவை இழுத்துப் பூட்டிய பிறகும் நான்கு ஃபிரீசர்களும் பால், தயிர் வைக்கும் குளிர்பெட்டிகளும் இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மீன் வியாபாரத்தில் மின்சாரச் செலவு என்பது வாடகைக்கு அடுத்த செலவு.

வீடுகளுக்கு 2019 ஜனவரி முதல் விலை உச்சவரம்பு ஒன்று இருக்கிறது. கடைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒப்பந்தம் செய்த விலைதான் விலை. ஒப்பந்தம் முடிந்து புதிதாக எதுவும் செய்யாமல் இருந்துவிட்டால் மின்சாரத்தை விற்கும் விநியோகக் கம்பனி போடுவதுதான் விலை, அது பெரும்பாலும் மிக அதிகம். 2021இன் இறுதியில் தொடங்கிய நெருக்கடியில், எங்கள் தெருவிலேயே அலகுக்கு 60, 70 பென்ஸ் கட்டிய கடைக்காரர்களை அண்ணா பார்த்தார். 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை அரசாங்கம் வியாபாரங்களின் பில்லில் அடங்கும் மொத்தக் கொள்வனவு விலையை மட்டும் அலகுக்கு 21.1 பென்ஸ் என்று தாங்கிப் பிடித்த ஆறு மாதங்கள்கூட எல்லாரையும் காப்பாற்றவில்லை. அண்ணா மட்டும் 2020இல் 15.8 பென்ஸுக்கு மூன்று வருட ஒப்பந்தம் செய்திருந்ததால் அந்தப் புயலில் நனையாமல் நின்றார். அந்த ஒப்பந்தம் 2023 நவம்பரில் முடியவிருந்தது. நனையாமல் நின்றவருக்குத்தான் மழையைப் பற்றிய பயம் கூடுதலாக இருந்தது என்பதை நான் பின்னர்தான் புரிந்துகொண்டேன்.

இன்னொரு பயமும் இருந்தது. அது லண்டனில் பிறந்த பயம் இல்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த தலைமுறை அண்ணாவுடையது. அதற்கு முன்பும் பின்பும் ஊரில் மின்சாரம் என்றால் மின்சார சபை ஒன்றுதான். மீட்டர் பார்க்க வருகிறவர் பில்லை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அதில் பேரம் பேசவோ வேறு கம்பனிக்கு மாறவோ இடமில்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் “உங்கள் ஒப்பந்தம் முடிகிறது, இன்றைக்குள் எதுவும் செய்யாவிட்டால் சப்ளை நிற்கவும் கூடும்” என்று சொன்னால், அவர் மனம் விலையைக் கணக்குப் பார்ப்பதற்கு முன்பே இருட்டுக்குப் போய்விடும். உண்மையில் லண்டனில் எந்தக் கம்பனிக்கு மாறினாலும் அதே கம்பி, அதே மீட்டர், அதே மின்சாரம். கம்பிகளைப் பராமரிக்கும் வலையமைப்புக் கம்பனி வேறு, பில் அனுப்பும் கம்பனி வேறு. ஒப்பந்தம் முடிந்த நள்ளிரவில் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டாது. விலை ஏறும், அவ்வளவுதான். இதை யாராவது அண்ணாவுக்கு முன்பே சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். அந்த ‘யாராவது’ நானாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக் கணக்கு எழுதுகிறவள் நான்.

உம் கொட்டுவதும் ஒப்புக்கொள்வதும்

யாழ்ப்பாணப் பேச்சில் ‘ஓம்’ என்ற சொல் ஒரு வேலையை மட்டும் செய்வதில்லை. ஒருவர் கதை சொல்லும்போது எதிரில் இருப்பவர் இடையிடையே ‘ஓம்’, ‘ம்’, ‘ஓமோம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் இங்கேதான் இருக்கிறேன், என் காது உங்களிடம்தான் இருக்கிறது, மேலே சொல்லுங்கள் என்பதுதான் அதன் பொருள். உம் கொட்டாமல் கேட்பது மரியாதைக் குறைவு. தொலைபேசியில் இந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிட்டது. அட்டை வாங்கிச் சுரண்டி ஊருக்குக் கதைத்த காலத்தில், இந்தப் பக்கம் சத்தம் நின்றால் லைன் அறுந்துவிட்டது என்று அந்தப் பக்கம் அம்மா பதறுவார். அதனால் அவர் பேசப் பேச நாம் ‘ஓம் அம்மா, ஓம்’ என்று சொல்லிக்கொண்டே இருப்போம். அந்த ஓம்களில் ஒன்றையாவது எடுத்து, “நீ அன்றைக்கு ஒப்புக்கொண்டாய்” என்று அம்மா ஒருநாளும் வழக்கு வைத்ததில்லை.

அண்ணா அந்த ‘ஓம்’ஐத்தான் ஆங்கிலத்தில் ‘யெஸ்’ ஆக்கியிருக்கிறார். ஒலிப்பதிவில் அது தெளிவாகக் கேட்கிறது. உண்மையான கேள்வி வரும் இடங்களில், கடையின் பெயர் என்ன, நீங்கள்தான் உரிமையாளரா என்று கேட்கும்போது, அவருடைய குரல் நிமிர்கிறது. சொற்கள் முழுதாக வருகின்றன. மற்ற இடங்களில் எல்லாம் அது தாழ்ந்த, இழுத்த, உம் கொட்டும் ‘யெஸ்’. ஆனால் ஒலிப்பதிவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. சட்டத்துக்கும் தெரியாது. இங்கிலாந்தில் வியாபாரத்துக்கான மின் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து தேவையில்லை. பதிவு செய்யப்பட்ட வாய்ச்சொல் போதும். மறுநாள் காலை அண்ணாவுக்கு ஏதோ உறுத்தி, தொலைபேசியில் அழைத்து வேண்டாம் என்று சொன்னபோது, முடியாது என்று பதில் வந்தது. இணையத்தில் வாங்கிய கேத்திலைப் பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். அந்த 14 நாள் அவகாசம் வீட்டுப் பாவனையாளருக்கு மட்டும். கடைக்காரர் தன் கடைக்கென்று 4 வருட மின்சாரம் வாங்கினால் அடுத்த நிமிடமே கதவு மூடிவிடும். வியாபாரி என்றால் விவரம் தெரிந்தவர் என்று சட்டம் மதிக்கிறது. அந்த மதிப்பு எங்களுக்கு மிகவும் விலை உயர்ந்ததாக இருந்தது.

முருங்கைக்காய்க்காகத் தொலைபேசியைப் பொத்திய அந்த நான்கைந்து விநாடிகளில் அந்தப் பெண் என்ன வாசித்தார் என்பதை மூன்றாவது முறை கேட்டபோதுதான் கவனித்தேன். புதிய விநியோகக் கம்பனியின் பெயர். தன் பழைய கம்பனியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாகத்தான் அண்ணா கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

மின்னஞ்சலிலும் எல்லாம் இருந்தது. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடை போன்ற குறு வணிகங்களுக்கு, தரகருக்குப் போகும் பணம் எவ்வளவு என்பதை விநியோகக் கம்பனி ஒப்பந்த விவரத்தில் எழுத வேண்டும் என்று 2022 அக்டோபர் 1 முதல் ஓஃப்ஜெம் விதி வைத்திருக்கிறது. அந்த விதிப்படி எழுதித்தான் அனுப்பியிருந்தார்கள்: அலகுக்கு 4 பென்ஸ். வருடத்துக்கு 1,680 பவுண், 4 வருடத்துக்கு 6,720 பவுண். முன்பொருமுறை மருமகன் திறந்து கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அது போயிருந்தது. கடவுச்சொல் தெரிந்த அந்த மருமகன் இப்போது பல்கலைக்கழகத்தில், வேறு நகரத்தில். இதைவிடக் கசப்பான காகிதம் ஒன்று காசு மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. பழைய கம்பனி ஒப்பந்தம் முடிவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே தானாக அனுப்பிய புதுப்பிப்புக் கடிதம், உறை பிரிக்கப்படவில்லை. அதில் இருந்த விலை 28.6 பென்ஸ். இரண்டுக்கும் இடையே 6.3 பென்ஸ். வருடத்துக்கு 2,646 பவுண் அந்த உறைக்குள் இருந்தது.

முதலாவது அழைப்பு

விநியோகக் கம்பனியிடம் முறையிட்டோம். ஒப்பந்தம் செல்லும், ஒலிப்பதிவு இருக்கிறது, தரகர் என்ன சொன்னார் என்பது தரகரோடு பேச வேண்டிய விஷயம் என்றார்கள். தரகுக் கம்பனி, நீங்கள் எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ சொல்லியிருக்கிறீர்கள் என்று அதே ஒலிப்பதிவை அனுப்பியது. இருவருக்கும் நடுவில் பந்து போல உருண்ட அந்த வாரங்களில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். அண்ணா அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. “அந்தப் பொடியன் சொன்னவன்” என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குவார். எந்தப் பொடியன்? ஒலிப்பதிவில் பெண்தானே இருக்கிறார்?

அப்போதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. காலையில் முதலில் அழைத்தவன் ஒரு இளைஞன். நல்ல பிள்ளை மாதிரிப் பேசியிருக்கிறான். வியாபாரம் எப்படி என்று கேட்டிருக்கிறான். விலை ஏறப்போகிறது, ஒப்பந்தம் முடியப்போகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன், இன்னும் கொஞ்ச நேரத்தில் ‘வெரிஃபிகேஷன்’ பகுதியிலிருந்து ஒருவர் அழைப்பார், அது வெறும் சம்பிரதாயம், எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ என்று சொல்லுங்கள், நடுவில் கேள்வி கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டிவரும் என்று சொல்லியிருக்கிறான். பிறகுதான் அந்தப் பெண் அழைத்தார். இனிமையாகப் பேசுவதற்கு ஒருவர், சட்டப்படி வாசிப்பதற்கு இன்னொருவர். பொய் முதல் அழைப்பில் இருந்தது. ஆதாரம் இரண்டாவது அழைப்பில் இருந்தது. இரண்டையும் பிரித்து வைத்ததில்தான் முழுத் தந்திரமும் அடங்கியிருந்தது. என் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆனால் விடையைக் கையில் பிடிப்பதற்கு அந்த முதல் அழைப்பு வேண்டும். கேட்டபோது, அது பதிவு செய்யப்படவில்லை என்றார்கள்.

அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் இங்கே கைகொடுத்தது. ஒருவருடைய குரலும் அவருடைய தனிப்பட்ட தகவல்தான். அண்ணா தன் சொந்தப் பெயரிலேயே வியாபாரம் செய்கிறவர். ஆகவே தன்னைப் பற்றி வைத்திருக்கும் எல்லாத் தகவலையும், ஒலிப்பதிவுகள் உட்பட, தரும்படி தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு. சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு, அழைப்பு வந்த திகதியையும் நேரத்தையும் தொலைபேசிப் பில்லிலிருந்து எடுத்து எழுதி, ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். 29ஆவது நாள் ஒரு கோப்பு வந்தது. பதிவு செய்யப்படாத அழைப்பின் ஒலிப்பதிவு.

அண்ணாவும் நானும் கடையைப் பூட்டிவிட்டு, அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அதைக் கேட்டோம். 6 நிமிடம். அந்த இளைஞன் திறமைசாலி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உங்கள் விநியோகக் கம்பனியிலிருந்து பேசுகிறேன் என்று ஒரு இடத்திலும் அவன் சொல்லவில்லை. “உங்கள் சப்ளை பற்றி, புதுப்பிப்புப் பகுதியிலிருந்து” என்கிறான். எந்தக் கம்பனியின் புதுப்பிப்புப் பகுதி என்பது காற்றில் நிற்கிறது. வார்த்தைகளை நூலில் கோத்த மாதிரி நகர்த்துகிறான். பிடிப்பதற்கு ஒரு முனை இல்லை. நாலரை நிமிடம் கடந்தபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அப்போது அண்ணாவின் குரல், கொஞ்சம் தயங்கி, தன் பழைய கம்பனியின் பெயரைச் சொல்லி, நீங்கள் அங்கேயிருந்துதானே பேசுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கிறது. மறுமுனையில் அரைக் கணம் அமைதி. பிறகு அவன் சொல்கிறான்: ‘யெஸ்’. அவ்வளவுதான், உடனே அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறான்.

அண்ணா என்னைப் பார்த்தார். “நான் கேட்டிருக்கிறன்,” என்றார். “பாத்தியா, நான் கேட்டிருக்கிறன்.” இரண்டு மாதமாகத் தன்னை ஒரு முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். பணத்தைவிட அந்த அரிசி மூட்டையின் மேல் அவருக்குத் திரும்பக் கிடைத்தது பெரிது என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டிருந்தார். கேள்விக்குப் பொய் பதில் வந்தது. 17 ‘யெஸ்’ஸும் அந்த ஒரு ‘யெஸ்’ஸின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

2022 டிசம்பர் முதல், குறு வணிகங்களோடு வேலை செய்யும் தரகர்கள் ஏதாவது ஒரு முறைப்பாட்டுத் தீர்வு அமைப்பில் சேர்ந்திருக்க வேண்டும். சேராத தரகரோடு விநியோகக் கம்பனிகள் தொழில் செய்யக் கூடாது. எங்கள் தரகரும் ஒன்றில் சேர்ந்திருந்தார். முதலில் தரகரிடமே எழுத்தில் முறையிட்டு, எட்டு வாரம் காத்திருந்து, பிறகு அங்கே போனோம். முடிவு அரைகுறை. தவறான அடையாளத்தில் பேசியது உண்மை என்று ஏற்றுக்கொண்டு, பெற்ற தரகில் ஒரு பகுதியை அண்ணாவுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. 2027 நவம்பர் வரை 34.9 பென்ஸ். தரகர்களை நேரடியாக ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஓஃப்ஜெம்முக்குக் கொடுக்கப்போவதாக 2025இல் அரசாங்கம் அறிவித்தது. அதுவரைக்கும் அவர்களைக் கட்டுப்படுத்தியதெல்லாம் இப்படி விநியோகக் கம்பனிகளின் வழியாகச் சுற்றி வந்த விதிகள்தான்.

தமிழில் வந்த ஆறுதல்

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் நல்லது. ஆனால் இதற்கு நடுவில் நடந்த ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. ஏமாந்த செய்தி ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போய், ஒருநாள் தமிழில் ஓர் அழைப்பு வந்தது. “அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. கடையை அண்ணியின்ரை பேரிலை ஒரு லிமிட்டட் கம்பனிக்கு மாத்தின மாதிரி ஒரு லீஸ் பேப்பர் செய்து அனுப்பினாச் சரி. பழைய கொன்ராக்ட் தானா முறிஞ்சுபோம்.” அதற்குக் கட்டணம் 750 பவுண். புதிய கம்பனியின் பெயரில் புதிய மின் ஒப்பந்தத்தையும் அவரே செய்து தருவார். அதற்கான தரகும் அவருக்கே என்பதை அவர் சொல்லவில்லை.

அண்ணா ஒரு வாரம் இதை யோசித்தார் என்பதுதான் எனக்கு அதிர்ச்சி. “எல்லாரும் செய்யினம்” என்றார். குத்தகைக்காரர் உண்மையிலேயே மாறினால் பழைய ஒப்பந்தம் முடிந்துபோகலாம். மாறாமலே மாறியதாகக் காகிதம் தயாரித்தால் அது 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின் கீழ் குற்றம். விநியோகக் கம்பனிகள் இந்தத் தந்திரத்தை நன்றாக அறிவார்கள். குத்தகைப் பத்திரம், கவுன்சிலுக்குக் கட்டும் வியாபார வரி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆதாரம் கேட்பார்கள். மாட்டிக்கொள்பவர் 750 பவுண் வாங்கிக்கொண்டு போனவர் இல்லை. கையெழுத்து வைத்த கடைக்காரர். “அண்ணா, இதுவரைக்கும் நாங்கள் ஏமாந்த ஆக்கள். இதைச் செய்தால் ஏமாத்தின ஆக்கள்” என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை; ஆனால் அந்த இலக்கத்துக்குத் திரும்ப அழைக்கவும் இல்லை. முதல் மோசடியில் எங்கள் ஆங்கிலத்தைப் பயன்படுத்தினார்கள் என்றால், இரண்டாவதில் எங்கள் தமிழைப் பயன்படுத்தப் பார்த்தார்கள். ‘அண்ணை’ என்ற ஒரு சொல்லுக்கு நாம் எத்தனை கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பதை அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன்.

காசு மேசையில் ஒரு தாள்

இப்போது கடையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் தமிழில் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. மின்சாரம், எரிவாயு என்று யார் அழைத்தாலும், பகுதிநேர வேலைக்கு வரும் மாணவர்கள் உட்பட எல்லாரும் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான்: எழுத்தில் அனுப்புங்கள். அனுப்ப வேண்டிய முகவரி இப்போது நான் தினமும் பார்க்கும் மின்னஞ்சல். விலை மலிவு என்றாலும், இன்றே கடைசி நாள் என்றாலும், ஓஃப்ஜெம்மிலிருந்து பேசுகிறோம் என்றாலும் அதே வசனம். ஓஃப்ஜெம் ஒருவருக்கும் மின்சாரம் விற்பதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி விற்க வருகிறவரிடம் இரண்டாவது வசனம் பேச வேண்டிய தேவையே இல்லை.

பில்லை அந்நியருக்குக் காட்டுவதை நிறுத்தினோம். மஞ்சள் மேலங்கியும் கழுத்து அட்டையுமாக வந்து “உங்கள் கட்டணம் சரியா என்று ஒருமுறை பார்க்கிறேன்” என்பவர்கள் இருக்கிறார்கள். பில்லில் ‘எஸ்’ என்ற எழுத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் மின் இணைப்பு இலக்கத்தைப் படமெடுத்துக்கொள்வதுதான் அவர்களின் தேவை. அதன் கீழ்வரியில் உள்ள 13 இலக்கங்களும் ஒரு ‘யெஸ்’ஸும் கிடைத்தால் கடையை வேறு கம்பனிக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிடலாம். அதே பில்லில் ஒப்பந்தம் முடியும் திகதியும் இருக்கும். நம்மில் பலர் கட்ட வேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பில்லை ஆணியில் குத்திவிடுவோம். அந்தத் திகதியை இப்போது அண்ணி முருகன் படம் போட்ட நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். 2027 இன்னும் வரவில்லை என்பதால், ஒவ்வொரு வருடமும் புது நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறார்.

பழைய காகிதங்களைக் கிளறியபோது 2020இல் வேறொரு தரகருக்கு அண்ணா கையெழுத்திட்டுக் கொடுத்த அதிகாரக் கடிதம் கிடைத்தது. கடையின் விவரங்களைக் கேட்டுப் பார்ப்பதற்கு மட்டும் அதிகாரம் கொடுக்கும் கடிதங்கள் உண்டு; உங்கள் சார்பில் ஒப்பந்தமே செய்யலாம் என்று கொடுக்கும் கடிதங்களும் உண்டு. அண்ணாவுடையது இரண்டாவது வகை. முடிவுத் திகதியும் இல்லை. இரத்துச் செய்கிறேன் என்று எழுத்தில் அனுப்பிப் பதிலையும் வாங்கி வைத்தோம். எல்லாத் தரகரும் கள்ளர் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கணக்காளருக்குத் தெரிந்த ஒருவர் முதல் வரியிலேயே தன் தரகு அலகுக்கு எவ்வளவு என்று எழுதி அனுப்புகிறார். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். ஒப்பந்தம் நீண்டால் தரகும் நீளும் என்பது தெரிந்த பிறகு, “நீண்ட காலத்துக்குப் பாதுகாப்பு” என்ற சொற்றொடரை அண்ணா வேறு காதால் கேட்கிறார்.

சென்ற மாதம் அவருக்குத் தொலைபேசியில் ஒரு பெரிய குடும்ப விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் பேசியும் மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து, “அண்ணா, கேக்குதா?” என்றேன்.

“கேக்குது,” என்றார். “நீ சொல்லி முடி. பிறகு சொல்லுறன்.”